வழி பிரியும் கதைகள்

நம் பாட்டிமார் கதை சொல்லத் தொடங்குமுன் ஒரு நிபந்தனை விதிப்பார்கள்: கேட்பவர் ‘உம்’ கொட்ட வேண்டும். ‘உம்’ நின்றுவிட்டால் கதையும் நின்றுவிடும். கேட்பவருக்குக் கதையில் இருந்த உரிமை அவ்வளவே. அரக்கன் எப்போது வருவான், இளவரசன் எந்தப் பாதையில் போவான் என்பதெல்லாம் சொல்பவரின் ஆட்சிக்கு உட்பட்டவை. அச்சு நூல் வந்த பின்னர் அந்த ‘உம்’ கூடத் தேவையற்றுப் போயிற்று. எழுதியவர் எழுதியபடியே கதை கிடக்கும். வாசகர் அழுதாலும் சிரித்தாலும் அதன் ஓரெழுத்தும் மாறாது.

ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகச் சிலர் இந்த ஏற்பாட்டை மாற்றிப் பார்க்க முனைந்திருக்கிறார்கள். கதையை ஒரு கட்டத்தில் நிறுத்தி, “இனி என்ன செய்யப் போகிறாய்? இதுவென்றால் இந்தப் பக்கத்துக்குப் போ, அதுவென்றால் அந்தப் பக்கத்துக்குப் போ” என்று வாசகரிடமே முடிவை ஒப்படைக்கும் கதைகளை அவர்கள் எழுதினார்கள். இவற்றைச் சிறுவர் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவது எளிது. எனினும், இவ்வகைக் கதையை எழுத அமரும் ஒவ்வொருவரும் கடினமான ஒரு கேள்வியைச் சந்தித்தே ஆக வேண்டும். வாசகருக்கு நான் தருவது மெய்யான தெரிவா, அல்லது தெரிவின் தோற்றம் மட்டுந்தானா? மனிதரின் தன்னுரிமையைப் பற்றிச் சிந்திக்கும் எவருக்கும் இது தொலைவிலுள்ள கேள்வியன்று. ஆகவே இக்கதைகளின் வரலாற்றை அந்தக் கேள்வியோடு சற்றே பின்தொடர்ந்து பார்ப்போம்.

இரு பெண்மணிகள் எழுதிய நூல்

1930-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டோரிஸ் வெப்ஸ்டர், மேரி ஆல்டன் ஹாப்கின்ஸ் என்ற இரு பெண்மணிகள் சேர்ந்து ஒரு நூலை வெளியிட்டார்கள். அதன் பெயரைத் தமிழில் ‘விளைவுகளை எண்ணிப் பார்!’ எனலாம். ஹெலன் என்ற இளம்பெண்ணை இருவர் மணக்க விரும்புகின்றனர். அவள் யாரை ஏற்பது, ஏற்றபின் எப்படி வாழ்வது என்பனவற்றை வாசகரே முடிவு செய்ய வேண்டும். ஹெலனுடைய பகுதி முடிந்ததும், அவளை விரும்பிய ஜெட், சாண்டர்ஸ் ஆகிய இருவருக்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு. மூன்று பகுதிகளிலும் சேர்த்து நாற்பதுக்கும் மேற்பட்ட முடிவுகள்.

இந்நூலில் அரக்கர்களும் இல்லை, புதையலும் இல்லை. திருமணம், பிழைப்பு, குடும்பம் என்று நாள்தோறும் நம்முன் வந்து நிற்கும் காரியங்களே அதில் தெரிவுகளாயின. திருவள்ளுவர் ‘தெரிந்துசெயல்வகை’ என்று ஓர் அதிகாரமே வகுத்துச் சொன்ன கருத்தை, இவ்விருவரும் வாசகரின் விரலிலேயே உணரும்படி செய்தார்கள். ஒரு பக்கத்தைப் புரட்டுவது ஒரு செயல். செயலுக்கு விளைவு உண்டு. விளைவை ஏற்க வேண்டியவர் புரட்டியவரே. இவ்வகைக் கதைகளில் இன்று நாம் அறிந்தவற்றுள் மிகப் பழைய முழுநூல்களில் இதுவும் ஒன்று. ஆயினும் காலப்போக்கில் அது மறக்கப்பட்டது. பின்னர் இதே வழியில் சென்றோரில் பெரும்பாலோர் இதைப் பற்றிக் கேள்விப்படாமலே தாமாகத் தொடங்கினார்கள்.

அதே காலத்தில் நாடக மேடையும் ஒரு முயற்சி செய்தது. 1935-இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் அயன் ராண்ட் எழுதிய ‘ஜனவரி 16-ஆம் நாள் இரவு’ என்ற நாடகம் நடைபெற்றது. கதை ஒரு கொலை வழக்கு. பார்வையாளரிலிருந்தே சிலர் நடுவர் குழுவாக அமர்த்தப்பட்டனர். குற்றவாளி என்று அவர்கள் சொன்னால் ஒரு முடிவு. குற்றமற்றவர் என்று சொன்னால் வேறொரு முடிவு. பிறர் வாழ்வைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு அன்றிரவு நுழைவுச்சீட்டு வாங்கி வந்தவர் தலையில் விழுந்தது.

எல்லா வழிகளும் இருக்குமானால்

1941-ஆம் ஆண்டில் அர்ஜென்டினாவின் புவெனோஸ் ஐரிஸ் நகரில், நகராட்சி நூலகம் ஒன்றில் பணியாற்றிவந்த ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸ் இரு சிறுகதைகளை வெளியிட்டார். ஒன்று, ஹெர்பெர்ட் குவெய்ன் என்ற கற்பனை எழுத்தாளரின் நூல்களை ஆராய்வது போன்ற கதை. அந்த எழுத்தாளர் பதின்மூன்று அதிகாரங்களில் ஒன்பது நாவல்களை அடக்கியதாகப் போர்ஹெஸ் எழுதுகிறார். இறுதி நிகழ்ச்சி ஓர் அதிகாரம். அதற்கு முந்தைய நாள் என்ன நடந்திருக்கலாம் என்பதற்கு மூன்று. அவை ஒவ்வொன்றுக்கும் முந்தைய நாளுக்கு மும்மூன்றாக ஒன்பது. கூட்டிப் பாருங்கள், பதின்மூன்று வரும்.

மற்றொன்று, ‘பிரிந்து செல்லும் பாதைகளின் தோட்டம்’. இதில் வரும் சீன முன்னோர் ஒருவர் ஒரு நாவல் எழுதுகிறார். வழக்கமான கதைகளில் மாந்தர் ஒரு வழியைத் தெரிந்தெடுத்தால் மற்ற வழிகள் மறைந்துபோகும். இவருடைய நாவலிலோ எல்லா வழிகளும் ஒருங்கே தொடர்கின்றன. ஒன்றில் பகைவனாக வருபவன் மற்றொன்றில் நண்பனாக வருகிறான்.

போர்ஹெஸ் பக்கத் தாவல் நூல் எதையும் எழுதவில்லை. அப்படியொரு நூல் இருந்தால் எப்படியிருக்கும் என்று மட்டுமே எழுதினார். ஆனால் அவர் கதையிலுள்ள வேதனை கவனிக்கத்தக்கது. எல்லா வழிகளையும் பற்றிப் பேசும் அதே கதையில், முதல் உலகப் போர்க் காலத்து ஒற்றன் ஒருவன், தன்னை அன்போடு வரவேற்ற அறிஞரைச் சுட்டுக் கொல்கிறான். வேறோர் உலகில் அவர்கள் நண்பர்களாய் இருந்திருக்கலாம். அந்த நினைப்பு அவனைக் காப்பாற்றவில்லை; இறுதியில் அவனுக்கு மிஞ்சுவது மனச்சோர்வும் உள்ளவாதையுமே. நடந்தது நடந்ததுதான்.

தவறு செய்தவரை அழைத்துவரும் பாடநூல்

கதாசிரியர்களுக்கு முன்பே இந்த முறையைப் பெருமளவில் கையாண்டவர்கள் ஆசிரியர்கள் என்றால் வியப்பாயிருக்கும். 1950-களில் அமெரிக்க விமானப் படையில் பழுதுபார்ப்போருக்குப் பயிற்சி அளிக்கும் பணியில் ஈடுபட்டிருந்த உளவியலாளர் நார்மன் கிரவுடர், வரிசை குலைந்த பாடநூல் என்ற ஒன்றை உருவாக்கினார். 1958-முதல் ‘டியூட்டர் டெக்ஸ்ட்’ என்ற வரிசையில் இவ்வகை நூல்கள் வெளிவந்தன.

அவற்றின் அமைப்பு இது. ஒரு பக்கத்தில் சிறு விளக்கம். அடியில் ஒரு கேள்வி. அதற்குச் சில விடைகள். ஒவ்வொரு விடைக்கும் எதிரே ஒரு பக்க எண். சரியான விடையைத் தெரிந்தெடுத்தவர் அடுத்த பாடத்துக்குச் செல்வார். தவறான விடையைத் தெரிந்தெடுத்தவர் செல்லும் பக்கத்திலோ, அவர் எங்கே பிசகினார், ஏன் அப்படி எண்ணத் தோன்றியது என்ற விளக்கம் காத்திருக்கும். அதைப் படித்தபின் மீண்டும் பழைய கேள்விக்கே திரும்பலாம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மாணவர் எப்படியெல்லாம் தவறக்கூடும் என்பதை ஆசிரியர் முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, ஒவ்வொரு தவற்றுக்கும் ஒரு பக்கம் எழுதிவைத்திருக்கிறார். தவறியவரைத் தண்டிக்க அன்று, அழைத்துவர. வழி பிரியும் கதை எழுதுவோர் அனைவருக்கும் இது முதற்பாடமாக இருக்கத் தகும். 1969-இல் டென்னிஸ் கெரியர், ஜோன் ரிச்சர்ட்ஸ் என்ற இருவர் பிரித்தானியாவில் இந்தப் பாடநூல் முறையைக் கதைக்குள் கொண்டுவந்தார்கள். ‘நெருக்கடி நிலை’ என்று பொருள்படும் அந்நூலில், புதிதாக விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடொன்றின் தலைவராக வாசகர் முடிவெடுக்க வேண்டும். அந்த நாடு கற்பனைதான். ஆயினும் அக்காலத்தில் பல நாடுகள் அதே முடிவுகளை மெய்யாகவே எடுத்துக்கொண்டிருந்தன.

கணக்கின் கொடுமை

எழுதுபவருக்கு இதில் ஏற்படும் இன்னல் என்னவென்று ஒரு சிறு கணக்கால் அறியலாம். கதையில் பத்து இடங்களில் வாசகரை நிறுத்தி, ஒவ்வோர் இடத்திலும் இரு வழிகள் காட்டுவதாகக் கொள்வோம். வழிகள் எங்கும் மீண்டும் சேராவிட்டால் முடிவுகள் மட்டும் 1,024 ஆகும். தொடக்கம்முதல் முடிவுவரை எழுத வேண்டிய பகுதிகள் 2,047. வாசகரோ அவற்றுள் பதினொன்றை மட்டுமே படித்து நூலை மூடிவிடுவார்! ஒரு வாசகருக்காக எழுதியவற்றுள் பெரும்பகுதி அவர் கண்ணில் படாமலே போகும்.

பிரான்சில் 1960-இல் ரேமோன் கெனோ என்ற எழுத்தாளரும் பிரான்சுவா லெ லியோனே என்ற கணித ஆர்வலரும் இணைந்து ‘ஊலிப்போ’ என்ற இலக்கியக் குழுவைத் தொடங்கினர். கணக்கையும் இலக்கியத்தையும் மணமுடித்து வைப்பதே அதன் நோக்கம் எனலாம். 1961-இல் கெனோ பதினான்கு அடிகள் கொண்ட பத்துப் பாடல்களை எழுதி, ஒவ்வோர் அடியையும் தனிக் கீற்றாக வெட்டி நூலாக்கினார். எந்தப் பாடலின் எந்த அடியும் மற்றதன் அதே அடிக்குப் பதிலாக நிற்கும். இவ்வாறு உண்டாகக்கூடிய பாடல்கள் கோடியைக் கோடியால் பெருக்கிய அளவு. ‘கோடானுகோடி’ என்று நாம் வாய்ப்பேச்சில் சொல்வதை அவர் ஒரு மெல்லிய நூலில் கட்டித் தந்துவிட்டார்! எந்த மனிதரும் தம் வாழ்நாளில் அந்த நூலைப் படித்து முடிக்க இயலாது.

1967-இல் அவரே மூன்று பட்டாணிகளைப் பற்றி ‘உங்கள் விருப்பப்படி ஒரு கதை’ எழுதினார். இருபத்தொரே சிறு பகுதிகள். பட்டாணிகளின் கதை வேண்டுமா, வேண்டாமா என்பதே முதற் கேள்வி. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போனால் கதை சட்டென்று முடிந்துவிடும். இங்கே எழுத்தாளர் கணக்கின் கொடுமையிலிருந்து தப்பும் இரு வழிகளையும் காணலாம். சில வழிகளை விரைவில் முடித்துவிடுதல் ஒன்று. பிரிந்த வழிகளை மீண்டும் ஓரிடத்தில் சேர்த்தல் மற்றொன்று. பின்னால் வந்த அனைவரும் இவ்விரண்டையுமே கையாண்டனர். ஆனால் இரண்டாம் வழியில் ஓர் ஆபத்து உண்டு. எல்லாப் பாதையும் ஒரே இடத்தில்தான் சேருமென்றால், தெரிந்தெடுத்ததால் என்ன பயன்?

ஒரே முடிவுக்கு இரு பொத்தான்கள்

அந்தக் கேள்வியை நகைச்சுவையாக்கிக் காட்டியவர் ஒரு செக் நாட்டவர். கனடாவின் மான்ட்ரியால் நகரில் 1967-இல் நடந்த உலகக் கண்காட்சியில், செக்கோஸ்லோவாக்கிய அரங்கில் ராதூஸ் சிஞ்செரா உருவாக்கிய ‘கினோஆட்டோமாட்’ காட்டப்பட்டது. பார்வையாளர் பங்கு பெறும் முதல் திரைப்படமாக அது போற்றப்படுகிறது. ஒவ்வோர் இருக்கையிலும் பச்சை, சிவப்பு என இரு பொத்தான்கள். நோவாக் என்ற இல்லத்தலைவர் சிக்கலில் மாட்டும்போதெல்லாம் படம் நிற்கும், கதாநாயகராக நடித்த மிரோஸ்லாவ் ஹோர்னிச்செக் என்பவரே மேடையில் தோன்றி, “என்ன செய்யலாம்?” என்று கேட்பார். மனைவி வீடு திரும்பும் நேரத்தில், கதவு பூட்டிக்கொண்டதால் வெளியே தவிக்கும் அண்டை வீட்டுப் பெண்ணை உள்ளே விடலாமா கூடாதா? வாக்குகள் எண்ணப்பட்டு, பெரும்பான்மையோர் விரும்பிய காட்சி திரையில் ஓடும்.

அரங்கிலிருந்தோர் மகிழ்ந்தனர், விவாதித்தனர், தாமே கதையை நடத்துவதாக எண்ணினர். உண்மையில், எந்தப் பொத்தானை அழுத்தினாலும் சிறிது நேரத்தில் கதை அதே இடத்துக்கு வந்துசேரும்படி சிஞ்செரா அமைத்திருந்தார். யார் எப்படி வாக்களித்தாலும் இறுதியில் அந்தக் கட்டடம் தீப்பற்றி எரியும். தீ மூளுவது படத்தின் தொடக்கத்திலேயே காட்டப்பட்டுவிட்டது!

ஒரே கட்சி ஆண்ட நாட்டிலிருந்து வந்த படம் அது. வாக்களிப்பது வேறு, வாக்குக்குப் பயன் இருப்பது வேறு என்பதை அந்நாட்டு மக்கள் நன்றாக அறிந்திருந்தனர். 1968-இல் சோவியத்துப் படைகள் அந்நாட்டுக்குள் புகுந்தன. சில ஆண்டுகளுக்குள் இப்படமும் தடைசெய்யப்பட்டது. பொய்யான தெரிவைப் பொய்யென்று காட்டியதனால் இது ஒரு நேர்மையான படைப்பு. வாசகரை ஏமாற்றிவிட்டு, ‘நீயே முடிவு செய்தாய்’ என்று முதுகைத் தட்டிக்கொடுக்கும் படைப்புகளோடு இதைச் சேர்த்தெண்ணலாகாது.

இரு தந்தையரும் அவர்தம் புதல்வியரும்

இவ்வகைக் கதை உலகெங்கும் பரவக் காரணமான இரு நிகழ்ச்சிகளும் தந்தையர் தம் பெண்மக்களுக்காக உழைத்ததிலிருந்து பிறந்தன என்பது நெஞ்சைத் தொடுகிறது.

எட்வர்ட் பேக்கார்ட் ஒரு வழக்கறிஞர். தம் இரு சிறுமியருக்கும் இரவில் கதை சொல்லி உறங்கவைப்பது அவர் வழக்கம். ஒரு நாள், தீவில் சிக்கிய பையனின் கதை பாதியில் ஓடாமல் நின்றுவிட்டது. “நீங்களாயிருந்தால் என்ன செய்வீர்கள்?” என்று பிள்ளைகளையே கேட்டார். ஒருத்தி ஒன்று சொன்னாள். மற்றவள் வேறொன்று சொன்னாள். இரண்டையும் ஏற்று, இரண்டுக்கும் ஒரு முடிவு சொன்னார். பிள்ளைகள் வழக்கத்தைவிட ஆவலோடு கேட்டதைக் கண்டார். 1969-இல் அதை ‘கரும்புத் தீவு’ என்ற நூலாக எழுதினார். பதிப்பகங்கள் ஏற்கவில்லை. 1976-இல்தான் வெர்மான்ட் மாநிலத்தில் ஆர்.ஏ. மான்ட்கொமரி நடத்திவந்த சிறு பதிப்பகம் அதை வெளியிட்டது. 1979-இல் பேன்டம் என்ற பெரிய நிறுவனம் பேக்கார்டின் ‘காலக் குகை’ என்ற நூலோடு ‘சூஸ் யுவர் ஓன் அட்வெஞ்சர்’ வரிசையைத் தொடங்கியது. ‘காலக் குகை’க்கு மட்டும் 40 முடிவுகள். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்த வரிசை பல மொழிகளில் 25 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றதாகக் கணக்கிடப்படுகிறது.

அந்நூல்களின் கதாநாயகர் ‘நீ’. நீ குகைக்குள் நுழைகிறாய்; நீ கடலுக்கடியில் இறங்குகிறாய். ஆணா பெண்ணா என்று எழுத்தில் சொல்வதில்லை. படிக்கும் பிள்ளை யாரோ அவரே நாயகர்.

மற்றொரு தந்தை வில் கிரவுதர். அமெரிக்காவில் கணினி வலைப்பின்னல் உருவான தொடக்க காலத்தில் அப்பணியில் ஈடுபட்டிருந்த நிரலாளர். கென்டக்கி மாநிலத்தின் மாபெரும் குகைகளில் இறங்கி அளந்து வரைபடம் தீட்டிய குழுவைச் சேர்ந்தவர். மணமுறிவுக்குப்பின் தம் பெண்மக்களைப் பிரிந்திருந்த காலத்தில், அவர்கள் விளையாடி மகிழ ஒரு கணினிக் கதையை அவர் எழுதினார். ‘அட்வெஞ்சர்’ என்ற அக்கதையில், தாம் உண்மையில் ஊர்ந்து சென்ற குகையையே சொற்களால் அமைத்தார். ‘வடக்கே போ’ என்று தட்டினால் கணினி அடுத்த அறையை விவரிக்கும். 1977-இல் ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் வுட்ஸ் அதை விரிவாக்க, கணினி வலைப்பின்னல் எட்டிய இடமெல்லாம் அது பரவியது. கணினிக் கதைகளின் பெருங்குடும்பத்துக்கு அதுவே மூத்த பிள்ளை.

கேட்கும் குழந்தையின் விருப்பத்தை ஒரு தந்தை மதித்ததால் ஒன்று பிறந்தது. தொலைவிலுள்ள குழந்தைகளோடு பேச ஒரு தந்தை ஏங்கியதால் மற்றொன்று பிறந்தது. கதை சொல்பவர் சற்றே வாயை மூடிச் செவி சாய்த்தபோதுதான் இந்த வடிவம் உயிர் பெற்றது.

எந்த வழியும் சென்றுசேராத இடம்

வணிக வெற்றியோடு குறைகளும் வந்தன. பல நூல்களில் தெரிவுக்கும் விளைவுக்கும் தொடர்பே இல்லை. வலப்பக்கம் திரும்பினால் புதையல், இடப்பக்கம் திரும்பினால் சாவு. ஏனென்று கேட்டால் விடையில்லை. எனவே பிள்ளைகள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். பிரியும் இடத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு முன்னே சென்று பார்ப்பது; சாவு வந்தால் விரல் இருக்கும் இடத்துக்குத் திரும்பிவிடுவது. 1982-இல் பிரித்தானியாவில் ஸ்டீவ் ஜாக்சன், இயன் லிவிங்ஸ்டன் இருவரும் 400 பகுதிகளாக எழுதிய மந்திரவாதியின் மலைக் கதை, பகடைக்காயையும் துணைக்கு அழைத்தது. அதைத் தொடர்ந்த வரிசையில் பூதங்களும் மந்திரமும் மிகுந்திருந்ததால், அங்குள்ள கிறிஸ்தவக் குழுக்கள் சில எதிர்ப்புத் தெரிவித்தன. ஆனால் பூதங்களைவிட, விளைவுகளைக் காரணமின்றி வழங்குவதே இவ்வகை நூல்களில் அஞ்சத்தக்கது என்பது என் எண்ணம். நன்மை செய்தாலும் தீமை செய்தாலும் எல்லாம் பகடை என்று ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால் அதன்பின் எதை எண்ணித் தெரிந்தெடுக்கும்?

அதே 1982-இல் பேக்கார்ட் எழுதிய ஒரு நூல் இந்த வரலாற்றில் தனித்து நிற்கிறது. வேற்றுலகக் கலமொன்றில் சிறைப்படும் கதை அது. அதில் அல்டிமா என்ற இன்ப உலகைப் பற்றிப் பேசப்படுகிறது. எந்தத் தெரிவாலும், எந்தக் கட்டளையைப் பின்பற்றியும் அங்கே போக முடியாது என்று நூலிலேயே சொல்லப்படுகிறது. பிள்ளைகள் எல்லா வழிகளையும் முயன்று பார்த்தார்கள். ஒன்றும் அங்கே சேர்க்கவில்லை. ஆயினும் அல்டிமாவின் பக்கங்கள் நூலின் நடுவே இருந்தன! விதிகளை விட்டுவிட்டுச் சும்மா பக்கங்களைப் புரட்டியவர் கண்ணில் அவை பட்டன. அங்கே சென்றவரை நூல் கடிந்துகொள்ளவில்லை, வரவேற்றது.

எழுத்தாளர் இதை ஒரு குறும்பாகவே செய்திருக்கலாம். ஆனால், நம் தெரிவுகளெல்லாம் தேவையானவை, எனினும் அவற்றின் கூலியாகப் பெற முடியாத ஒன்றும் உண்டு என்று கற்பிக்கும் நமக்கு, அந்தப் பக்கங்களை எளிதில் கடந்துசெல்ல இயலவில்லை. அருள் என்ற சொல்லைப் பத்து வயதுப் பிள்ளைக்கு விளக்க நேர்ந்தால், இதைவிடத் தெளிவான உவமை கிடைப்பது அரிது.

அடித்து அழிக்கப்பட்ட வழி

பேன்டம் நிறுவனம் 1990-களின் இறுதியில் அவ்வரிசையை நிறுத்தியது; பின்னர் மான்ட்கொமரி தொடங்கிய சூஸ்கோ என்ற பதிப்பகம் பழைய நூல்கள் பலவற்றை மீண்டும் வெளிக்கொணர்ந்தது. இதற்கிடையில் வழி பிரியும் கதை கணினியில் குடியேறிவிட்டது. 2009-இல் கிறிஸ் கிளிமாஸ் என்பவர் ‘ட்வைன்’ என்ற கருவியை இலவசமாக வெளியிட்டார். ஒவ்வொரு பகுதியையும் ஒரு சிறு கட்டமாக எழுதி, கட்டங்களைக் கோடுகளால் இணைத்தால் கதை உருவாகிவிடும். நிரல் எழுதத் தெரியாதவர்களும், பதிப்பகங்களின் வாசலை மிதிக்காதவர்களும் தங்கள் வாழ்வைக் கதையாக்க அது கைகொடுத்தது.

அவ்வாறு 2013-இல் சோயி குவின் முதலியோர் படைத்த ‘டிப்ரெஷன் குவெஸ்ட்’ மனச்சோர்வு நோயைப் பற்றியது. ஒவ்வொரு கட்டத்திலும், செய்யத்தக்க நல்ல காரியம் என்னவென்று திரையில் தெரியும். நண்பரைச் சந்திப்பது, மனம்விட்டுப் பேசுவது, உரிய நேரத்தில் உறங்கச் செல்வது. ஆனால் அந்த வரியின் குறுக்கே ஒரு கோடு அடிக்கப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியும், தெரிந்தெடுக்க முடியாது. நோய் முற்ற முற்ற அடிக்கப்பட்ட வரிகள் பெருகும். சிகிச்சையும் துணையும் கிடைக்கும்போது குறையும்.

“மனது வைத்தால் முடியாதா?” என்று சோர்ந்திருப்போரிடம் நாம் எத்தனை எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! வழி அவர்களுக்குத் தெரியாமலில்லை. அதன் குறுக்கே ஒரு கோடு இருக்கிறது. மனித விடுதலை எல்லாருக்கும் எப்போதும் ஒரே அளவில் திறந்திருப்பதன்று என்பதையும், ஒருவர் செய்ததன் பொறுப்பை அளக்கும்போது அவர் நிலையை அறிந்தே அளக்க வேண்டும் என்பதையும் ஒப்புரவு அருட்சாதன மேடையில் அமர்வோர் கற்றிருக்கிறார்கள். அதையே இந்தச் சிறு கதை ஒரு கோட்டினால் காட்டிவிடுகிறது.

2018 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸ் வெளியிட்ட ‘பேண்டர்ஸ்னாச்’ திரைப்படமும் பலரால் பேசப்பட்டது. 1984-இல் வாழும் இளம் நிரலாளன் ஒருவன், தன் முடிவுகளை யாரோ எடுப்பதாக ஐயுறுகிறான். எடுப்பவர் படம் பார்க்கும் நாமே! 2025-இல் அந்நிறுவனம் அப்படத்தைத் தன் தளத்திலிருந்து அகற்றிவிட்டது. வாசகர் பொத்தானை அழுத்தும் உரிமை பெற்றாலும், பொத்தானை வைத்திருப்பவர் வேறொருவர் என்பதை இதுவும் நினைவூட்டுகிறது.

எழுத விரும்புவோருக்கு

இவ்வகைக் கதை எழுத இன்று பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஐம்பது அட்டைகளும் சுவரில் சிறிது இடமும் போதும். இளையோர் குழு ஒன்று கூடி அமர்ந்தால் சில மாலைகளில் எழுதிவிடலாம். ஆனால் இந்த வரலாறு நமக்குச் சொல்லும் மூன்று நெறிகளை மறக்கலாகாது. முதலாவது, முடிவெடுக்கத் தேவையானதை வாசகருக்கு முன்பே அறிவித்துவிட வேண்டும். கண்ணைக் கட்டிவிட்டு வழியைக் கேட்பது தெரிவன்று, சூதாட்டம். இரண்டாவது, விளைவு தெரிவிலிருந்தே பிறக்க வேண்டும். அது இனியதாய் இருக்க வேண்டும் என்பதில்லை, நியாயமாய் இருந்தால் போதும். மூன்றாவது, தவறிய வழியில் செல்பவருக்காகவும் அதே அக்கறையோடு எழுத வேண்டும். நமக்குப் பிடித்த முடிவுக்கு மட்டும் பக்கம் பக்கமாக எழுதி, மற்றவற்றை ஒரே வரியில் கொன்றுவிடுவோமானால், நாம் கேள்வி கேட்கவே இல்லை. விடையை மறைத்துவைத்துப் பிடிவாதம் பிடித்தோம்.

இம்மூன்றாம் நெறியே கடினமானது. பிள்ளைகளிடம், “நீயே முடிவு செய்” என்று சொல்லிவிட்டு, நாம் நினைத்ததை அவர்கள் சொல்லாதபோது முகம் சுளிக்கும் பெற்றோர் உண்டு. மக்களின் கருத்தைக் கேட்கக் கூட்டம் கூட்டிவிட்டு, தீர்மானத்தை முன்கூட்டியே எழுதிவைத்திருக்கும் தலைவர்களும் உண்டு. எல்லாரும் சிஞ்செராவின் இரு பொத்தான்களைத்தான் நீட்டுகிறார்கள். அவருடைய நகைச்சுவைதான் அவர்களிடம் இல்லை.

நற்செய்தியில் ஊதாரி மைந்தன் உவமையை அறியாதார் இலர். இளையவன் திரும்பி வந்ததும் விருந்து தொடங்குகிறது. மூத்தவன் சினந்து வெளியே நிற்கிறான். தந்தையே வெளியே வந்து வேண்டுகிறார். அவன் உள்ளே சென்றானா? லூக்கா அதைச் சொல்லாமலே உவமை நின்றுவிடுகிறது. யோனா நூலும் அவ்வாறே இறைவன் கேட்கும் ஒரு கேள்வியோடு முடிகிறது. யோனாவின் விடை எழுதப்படவில்லை. அங்கே பக்க எண்களும் இல்லை, பொத்தான்களும் இல்லை. விரல் வைத்துத் திரும்பிப் பார்க்கவும் வழியில்லை. விருந்தின் ஓசை மட்டும் உள்ளிருந்து கேட்கிறது. தந்தை வாசலில் நின்று நம் விடைக்காகக் காத்திருக்கிறார்.